காற்றுக்கு வைத்த புள்ளி

என் அண்ணன் சலாவுதீனுக்கு உள்ளங்கை வியர்க்கும். எங்கள் வழக்கப்படி நாங்கள் அவரைக் காக்கா என்போம். ரேஷன் அதிகாரி பெயர் கேட்டால் வியர்க்கும். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் ஏறினால், சட்டைப் பையில் பாஸ் இருக்கும்போதே வியர்க்கும். ஆனால் ஜூஹூ விமானத் திடலில் சின்ன விமானத்தின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும்போதும், அதே விமானத்தை ஓட்டி மேலே ஏறும்போதும் கை காய்ந்தே இருக்குமாம்.

"மேல யாருளா நம்மளக் கேள்வி கேக்கப் போறா?" என்பார்.

அங்கே அவர் மெக்கானிக். வேலை செய்கிறவர்களுக்குச் சலுகையில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் திசையறியும் எழுத்துத் தேர்வில் மூன்று முறை தவறினால் சலுகை போய்விடும். காக்கா இரண்டு முறை தவறியிருந்தார். 1965 ஜூலையில் மூன்றாவது தேர்வு வந்தது.

அந்தத் தேர்வுக்கு 'ஃபிளைட் கம்ப்யூட்டர்' என்று ஒன்றைக் கொண்டுபோவார்கள். மின்சாரம் எதுவும் கிடையாது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய சுழலும் வட்டுதான். ஒரு பக்கத்தில் தூரம், நேரம், பெட்ரோல் எல்லாம் கணக்கிடலாம். மறுபக்கம் காற்றுக்கு. காற்று வீசும் திசைக்கு வட்டைத் திருப்பி, அதன் வேகத்துக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி வைக்கவேண்டும். பிறகு நாம் போகும் திசைக்குத் திருப்பினால், காற்று விமானத்தை எத்தனை டிகிரி தள்ளும் என்று அந்தப் புள்ளி சொல்லும். காக்கா புள்ளி வைப்பார். வியர்த்த கட்டைவிரல் அதைத் துடைத்துக்கொண்டு போய்விடும். இரண்டு தடவையும் அப்படித்தான் ஆயிற்று.

இரவல் கருவிதான் காரணம், சொந்தமாக ஒன்று வேண்டும் என்றார். கடைக்காரரிடம் பேசப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டு டோங்ரிக்குப் போனார். கப்பல் சாமான், விமானச் சாமான் எல்லாம் பழையதாக விற்கும் நாகூர் கனி இரண்டை எடுத்துப் போட்டார். ஒன்று பளபளக்கும் அலுமினியம். மற்றது ஓரம் தேய்ந்த பழசு.

"தம்பி, இத எடு. பெரிய பைலட்டுமார் எல்லாம் இதான் வச்சிருக்கான். ஏக்தம் பக்கா" என்று அலுமினியத்தை முன்னால் தள்ளினார்.

காக்கா இரண்டிலும் உள்வட்டின் பத்தை வெளிவட்டின் பத்துக்கு நேராக வைத்து, சுற்றிலும் எல்லாக் கோடும் பொருந்துகிறதா என்று பார்த்தார். பொருந்தியது. பின்பு காற்றுப் பக்கத்தில் பென்சிலால் தொட்டார். அலுமினியத்தில் இருந்த வட்டு வழுக்கியது. பழசின் வட்டு சொரசொரப்பு. புள்ளி நன்றாகப் பிடித்தது.

"இதுதான்" என்றார், என்னைப் பார்த்து.

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கவும் தங்கச்சியத்தான் கூட்டிட்டுப் போவியோ?" என்றார் கனி.

மழைக்காலம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. வீட்டில் நான் கணக்கை வாசிக்க வாசிக்க அவர் போடுவார். நான் வாசித்தால் சரியாக வரும். தேர்வு என்று நினைத்துவிட்டால் சொரசொரப்பு வட்டிலும் புள்ளி மங்கியது. தேர்வன்று காலை, கீழே வாப்பாவின் தோல் பட்டறையிலிருந்து காப்பியிங் பென்சிலை எடுத்து வந்தார். தோலில் வெட்டுக்கோடு போடுவது. ஈரம் பட்டால் ஊதாவாகி ஊறிவிடும். ஒரு புள்ளி வைத்தார். உம்மா செம்பால் தண்ணீர் ஊற்றினாள். காக்கா விரலால் தேய்த்தார். வாப்பாவும் தேய்த்தார். புள்ளி அசையவில்லை.

"இனி எந்தக் கொம்பனாலயும் அழிக்க முடியாது" என்றார் வாப்பா. உம்மா துஆ ஓதி ஊதினாள். கிளம்பிவிட்டோம்.

ரயில் தாதரைத் தாண்டியபோதுதான் எனக்கு உறைத்தது. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். முடியவில்லை.

"காக்கா, ரெண்டாவது கணக்குக்கு வேற காத்துதானே? முதல் புள்ளிய எப்படி அழிப்பீங்க?"

அவர் கைக்குட்டையை எச்சிலில் நனைத்துத் தேய்த்தார். ஊதா இன்னும் பரவியது. வட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தார். பைகுல்லா வந்தது.

"அழிக்க வேண்டாம்ளா" என்றார் மெதுவாக. "இருநூத்து முப்பது டிகிரிக் காத்துன்னா புள்ளி இருநூத்து முப்பதுக்கு நேராத்தான் நிக்கும். எழுபதுன்னா எழுபதுல. ஒண்ணோட ஒண்ணு கலக்காது." சொன்னாரே தவிர, பென்சில் அவர் விரலில் வழுக்கிக்கொண்டிருந்தது.

தேர்வு அறைக்கு வெளியே வராந்தாவில் நின்றேன். ஜன்னல் வழியே அவர் முதுகு தெரிந்தது. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மேற்பார்வை அதிகாரி அவர் பக்கத்தில் நின்றார். கருவியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். காக்கா எழுந்து நின்றார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே அனுப்பப்போகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. குடைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். உள்ளே காக்கா பேசிக்கொண்டே இருந்தார். அவர் அத்தனை நேரம் ஓர் அதிகாரியிடம் பேசி நான் பார்த்ததில்லை. செம்பைச் சாய்ப்பதுபோல் கையைக் காட்டினார். அதிகாரி ஒரு தாளில் ஏதோ எழுதி அவர் முன் வைத்தார். காக்கா வட்டைத் திருப்பினார், புள்ளி வைத்தார், மறுபடி திருப்பினார். அதிகாரி குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

வெளியே வந்ததும் சொன்னார்: "முன்னாலயே மார்க் பண்ணிக் காப்பி அடிக்க வந்தியான்னு கேட்டான். உள்ளதச் சொன்னேன். உம்மா தண்ணி ஊத்துனது வரைக்கும்."

"இங்கிலீஷ்லயா?"

"இங்கிலீஷ், ஹிந்தி. நடுவுல தமிழும் வந்துட்டு. புதுசா ஒரு காத்து கொடுத்துப் போட்டுக் காட்டச் சொன்னான். காட்டினேன். அடுத்த தடவ ரப்பரோட வான்னான்."

அடுத்த தடவை என்பதே கிடையாது. அந்த விசாரணையில் இருபது நிமிடம் போய், கடைசிக் கணக்கு தொடாமலே நின்றுவிட்டது. ஐந்து வாரம் வீட்டில் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம்.

கடிதத்தை அவர் பிரிக்கவில்லை. என்னிடம் நீட்டினார். உறையில் அவர் விரல் ஈரம் பதிந்திருந்தது. தேற எழுபது வேண்டும். எழுபத்திரண்டு என்று போட்டிருந்தது. உம்மா அழுதாள். காக்கா தோல் அடுக்கின் மேல் உட்கார்ந்து கடிதத்தின் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"சான்றிதழ அந்த ஆபீஸுக்கு நேர்ல வந்து வாங்கிக்கிடணுமாம்" என்றார். "நீயும் வாறியா?"