தீபாவளியன்று தண்டவாளப் பக்கம்

எனக்கு ரயில் பார்க்கப் பிடிக்கும் என்பதை நாற்பத்தைந்து வயது வரை யாரிடமும் சொன்னதில்லை. மறைக்க வேண்டிய விஷயம் ஒன்றுமில்லை. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். ஆடி மாதம் வரை பட்டாசுப் பெட்டி லேபிள்கள், அதற்குப் பிறகு தினசரிக் காலண்டர். ராகு காலம், எமகண்டம், அமாவாசை, விடுமுறை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தாள் தாளாகப் பார்க்க வேண்டும். ஐப்பசி பிறப்பதற்குள் அடுத்த வருஷத்தின் எல்லா நாட்களையும் ஒரு தடவை படித்து முடித்திருப்பேன். வீடு விருதுநகரில். அம்மா இருந்தவரை இரண்டு பேர், இப்போது நான் மட்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே தம்பி குடும்பத்தோடு கோயம்புத்தூரில் இருக்கிறான்.

அம்மா படுக்கையில் கிடந்த நாலு வருஷத்தில்தான் இந்தப் பழக்கம் வந்தது. எங்கள் வீடு ஸ்டேஷனுக்கு இரண்டு தெரு தள்ளி. வேலை நேரம் போக மற்ற நேரத்தில் அம்மாவை விட்டு எங்கும் நகர முடியாது, மொட்டை மாடிக்கு மட்டும் போகலாம். துணி காயப்போடும்போது வண்டிகள் போவதைப் பார்ப்பேன். முதலில் நேரம் பழகியது. பிறகு ஹாரன் சத்தம். அப்புறம் இஞ்சினின் நிறத்தை வைத்தே அது எந்த ஊர் ஷெட்டிலிருந்து வருகிறது என்று சொல்ல வந்துவிட்டது. செங்கோட்டை லைனுக்கும் மின்கம்பி வந்து டீசல் இஞ்சின்கள் குறைந்ததை எல்லாம் நான் ஈரத்துணியும் கையுமாக நின்றுதான் பார்த்தேன்.

அந்த நாட்களில்தான் போனில் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தேன். நம் பக்கத்து ரயில் பிரியர்கள் முப்பது நாற்பது பேர். யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாத்தூர், கோவில்பட்டி, திருத்தங்கல் என்று ஊர்தான் பேர். நான் விருதுநகர். முகப்புப் படமாக ஒரு சிக்னல் கம்பத்தை வைத்திருந்தேன். சேர்ந்த மூன்றாம் நாள் ஒரு கூட்ஸ் வண்டியின் படத்தைப் போட்டபோது, "தலைவா, அருமைய்யா" என்று ஒருவர் எழுதினார். அதற்குப் பிறகு எல்லோருக்கும் நான் தலைவா, அல்லது அண்ணே. நான் திருத்தவில்லை. திருத்தினால் பேச்சு மாறிவிடும் என்று தெரியும். என்னை ஒருவரும் "இன்னும் கல்யாணம் ஆகலையா", "தனியா எப்படி இருக்கீக" என்று கேட்காத ஒரே இடம் அது. அதனால் அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து தண்டவாளப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும். அம்மா போன பிறகு, அடுத்த வாரம் அதே இடத்துக்குத் தனியாகப் போய்வர ஆரம்பித்தேன்.

போன தீபாவளிக்கு முந்தின நாள் குரூப்பில் ஒரே பரபரப்பு. வடக்கே ஏதோ ஒரு ஷெட்டின் இஞ்சின், நம் லைனுக்கு இதுவரை வராத நிறத்தில், மறுநாள் காலை மதுரையிலிருந்து தெற்கே போகும் வண்டியில் மாட்டி வருகிறதாம். யாராலும் போக முடியாது. எண்ணெய்க் குளியல், மாமனார் வீடு, பிள்ளைகளின் பட்டாசு என்று ஆளுக்கொரு காரணம்.

"நான் போய் எடுத்துப் போடுறேன்" என்று எழுதினேன்.

"தீபாவளி அன்னைக்கா? அண்ணி விட்டுருவாகளா?" என்று சாத்தூர் கேட்டார். சிரிக்கிற மூஞ்சி ஒன்றை அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

காலையில் எழுந்து தலை முழுகினேன். தம்பி அனுப்பியிருந்த புதுப்புடவையைக் கட்டினேன். கரும்பச்சை, மெரூன் கரை. ஒற்றை ஆளுக்காக எண்ணெய்ச் சட்டி வைக்கத் தோன்றவில்லை. கடையில் வாங்கிய மைசூர்பாகில் ஒரு துண்டை அம்மா படத்துக்கு முன்னால் வைத்தேன். தம்பி போன் செய்து, "வந்திருக்கலாம்லக்கா" என்றான். பின்னாலிருந்து பிள்ளைகள் கூப்பிட்டதும் வைத்துவிட்டான். தெரு முழுக்க வெடிச்சத்தம். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சாத்தூர் ரோட்டில் கிளம்பினேன்.

ஊரைத் தாண்டி உள்ளே பிரியும் பாதையில் ஒரு ரயில்வே கேட் உண்டு. அதற்குச் சற்றுத் தள்ளித் தண்டவாளம் லேசாக வளைகிறது, ஓரத்தில் ஒரு வேப்பமரம். முந்தின நாள் மழையில் கரிசல் மண் செருப்பில் அப்பியது. மக்காச்சோளக் காட்டில் ஆளே இல்லை. பண்டிகை நாள், பட்டாசுக் கம்பெனி வேன்களும் ஓடவில்லை. மரத்தடியில் நின்றுகொண்டேன். இரண்டு வண்டிகள் போயின. நான் எதிர்பார்த்தது தாமதமாக வந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றிருப்பேன். எங்கோ தூரத்தில் சரவெடி வெடித்து ஓய்ந்தபோது, ஏனென்று தெரியவில்லை, கண்ணில் நீர் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

கேட்டில் டியூட்டி பார்க்கும் பெண். முப்பது வயது இருக்கும். ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"யக்கா, எங்கூட வாங்க."

"எதுக்கும்மா?"

"சும்மா வாங்க. ஒரு வாய் டீத்தண்ணி குடிச்சுட்டுப் போகலாம்."

"நான் ரயில் பார்க்க வந்தேன்மா."

"பார்க்கலாம்க்கா. அங்கன உக்காந்து பார்க்கலாம்." பிடியை விடவில்லை. மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் விரல்கள் இறுகியிருந்தன. அப்போதுதான் அவள் என்ன நினைத்துவிட்டாள் என்பது எனக்கு உறைத்தது. புதுப்புடவை, பண்டிகை நாள், தண்டவாள ஓரம், தனியாக அழுதுகொண்டு ஒருத்தி. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

கேட் அறைக்கு வெளியே இருந்த சிமெண்டுத் திட்டில் என்னை உட்காரவைத்தாள். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். ஸ்கூட்டிச் சாவியையும் போனையும் வாங்கித் தன் மேசை மேல் வைத்துக்கொண்டாள். போனில் இருந்த இஞ்சின் படங்களைக் காட்டுகிறேன் என்றேன். "இருக்கட்டும்க்கா" என்றாள். நாம் சொல்வதை நம்பாதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

உள்ளே போன் மணி அடித்தது. வண்டி வருகிறது என்ற தகவல். கேட்டை இறக்கினாள். பச்சைக்கொடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து, இடது கையால் மறுபடியும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் கொடியை நீட்டியபடி நின்றாள்.

நான் பார்க்க வந்த வண்டி அதுதான். பழுப்பும் வெள்ளையுமாக, அப்போதுதான் தொடங்கிய தூறலில் நனைந்து பளபளவென்று வந்தது அந்த இஞ்சின். இவ்வளவு பக்கத்தில் நான் எந்த வண்டியையும் பார்த்ததில்லை. போன் மேசை மேல் கிடந்தது. படம் எடுக்க முடியவில்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடக்கக் கடக்க அவள் விரல்கள் இறுகிக்கொண்டே போயின. கடைசிப் பெட்டி போன பிறகுதான் தளர்ந்தன. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"போன வருசம் ஒரு பிள்ளை அதே மரத்தடியில நின்னுச்சுக்கா" என்றாள். "நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். கேப்பமா வேணாமா, கேட்டா தப்பா நெனைப்பாகளோன்னு இருந்துட்டேன்." தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கொடியைச் சுருட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து என் போனை எடுத்துக் கொடுத்து, "வீட்டுல யாரையாச்சும் வரச் சொல்லுங்க. வந்ததும் அனுப்பிருதேன்" என்றாள்.

யாரை வரச் சொல்வது? தம்பியிடம் சொன்னால் அவன் கோயம்புத்தூரிலிருந்து அழுதுகொண்டே கிளம்பிவிடுவான். அதன் பிறகு என்னை இந்த வீட்டில் தனியாக இருக்க விடமாட்டான். பக்கத்து வீட்டில் சொன்னால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அச்சகத்தில் முதலாளிக்குத் தீபாவளியன்று போன் செய்ய முடியுமா? போனைக் கையில் வைத்துக்கொண்டு பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் பிரஸ், கேஸ், மருந்துக்கடை, டாக்டர். கடைசியில் சாத்தூருக்குப் போட்டேன். அவரோடு ஒரு தடவைகூடப் பேசியதில்லை, எழுதியது மட்டும்தான். கேட்காரப் பெண் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"சொல்லுங்க தலைவா! எடுத்தாச்சா?"

"நான் விருதுநகர் பேசுறேங்க."

"யாரு, அண்ணன் வீட்டுலயா? அண்ணனுக்கு என்னம்மா ஆச்சு?"

"அண்ணன்னு யாரும் இல்லைங்க. அது நான்தான்."

கேட் இருக்கும் இடத்தைச் சொன்னதும் முக்கால் மணி நேரத்தில் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் கிளார்க் என்று பிறகு தெரிந்தது. புதுவேட்டியில் சேறு தெறித்திருந்தது. பைக்கின் பின்னால் அவர் மனைவி, கையில் ஒரு தூக்குவாளி. யாரோ ஒரு பெண் கூப்பிட்டாள் என்று கணவரைத் தனியே அனுப்ப மனம் வராமல் கூட வந்திருக்கிறார். அதில் தப்பில்லை.

கேட்காரப் பெண் லேசில் விடவில்லை. "இவுகளை உங்களுக்கு எம்புட்டு நாளாத் தெரியும்?"

"மூணு வருசமா."

"பேரென்ன?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மழை தகர ஷீட்டில் சடசடவென்று விழுந்தது.

"பேரு தெரியாது" என்றார். "ஆனா ஆளைத் தெரியும். தினம் காலையில முதல் வண்டி போனதும் எங்க குரூப்ல எழுதுறது இவுகதான். போன வருசம் ஆடியில பதினோரு நாள் ஒண்ணும் வரலை. எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. திரும்பி வந்தப்ப ஊருல இல்லைன்னு போட்டாக. ஊருலதான் இருந்திருக்காக, ஏதோ நடந்திருக்குன்னு நெனச்சேன். கேக்கலை."

அந்தப் பதினோரு நாள், அம்மா இறந்து காரியம் முடியும் வரையிலான நாட்கள். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று இருந்தேன். அங்கே அதைச் சொன்னேன். "அம்மா தவறிட்டாங்க" என்று. அவர் மனைவி தூக்குவாளியைத் திறந்து, ஒரு அதிரசத்தை என் கையில் வைத்தார். இன்னொன்றைக் கேட்காரப் பெண்ணுக்குக் கொடுத்தார். அவளும் அன்று வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு டியூட்டிக்கு வந்தவள்.

என்னைத் தனியாக ஸ்கூட்டியில் அனுப்ப மாட்டேன் என்று அவள் பிடிவாதமாக நின்றதால், சாத்தூர்க்காரர் மனைவி என் பின்னால் ஏறிக்கொண்டார். கணவர் பைக்கில் பின்தொடர்ந்தார். விருதுநகர் வரை நனைந்துகொண்டே போனோம்.

"எதுக்குக்கா ஆம்பளை மாதிரியே இருந்தீக?" என்று பாதி வழியில் பின்னாலிருந்து கேட்டார்.

"அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. நான் மாத்தலை."

"எங்க வீட்டுல இவுகளும் எந்நேரமும் வண்டி வண்டின்னுதான். எனக்கு அதுல என்ன இருக்குன்னே புரியலை" என்றார். வீட்டு வாசலில் இறங்கியதும் பூட்டிய கதவையும் கோலம் இல்லாத வாசலையும் பார்த்தார். உள்ளே வாங்க என்றேன். பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்றார். இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள்.

அன்று சாயங்காலம் குரூப்பில் நானே எழுதினேன். படம் எடுக்க முடியவில்லை, நான் ஒரு பெண், இத்தனை நாள் சொல்லாததற்கு மன்னிக்க வேண்டும் என்று. "பரவால்ல மேடம்" என்று நாலைந்து பேர் போட்டார்கள். "தெரியாமப் பேசிட்டோம் மேடம், சாரி" என்று கோவில்பட்டி எழுதினார். அதோடு சரி. ஒருவரை ஒருவர் வாருவதும் கேலியும் நின்றுபோயின. நான் ஏதாவது போட்டால் கைகூப்பும் படம் வரும். எல்லோரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள். கல்யாண வீட்டில் தெரியாத விருந்தாளிக்குக் கிடைக்கிற மரியாதை அது. அவர்கள் சேர்ந்து பேச வேறொரு குரூப் ஆரம்பித்துவிட்டார்களோ என்றுகூட ஒரு நாள் தோன்றியது. அதைத் தெரிந்துகொள்ள நான் முயலவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாத்தூரில் வைப்பாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் கூடுவதாக எழுதியிருந்தார்கள். என்னை யாரும் தனியாகக் கூப்பிடவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காலை வண்டியில் ஏறிப் போனேன். நாலு பேர் வந்திருந்தார்கள். ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு நிழலான இடத்தைக் காட்டிவிட்டு அவர்கள் பத்தடி தள்ளி நின்றார்கள். வண்டி வரும்போது எல்லோரும் போனைத் தூக்கினோம். போன பிறகு எடுத்ததை ஒருவருக்கொருவர் காட்டினார்கள். திருத்தங்கல்காரர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, "உங்களுது காட்டுங்க மேடம்" என்றார். பார்த்தார். "இஞ்சின் நம்பர் தெளிவா விழுந்திருக்கு. எனக்கு அனுப்பி விடுங்க" என்றார். அனுப்பினேன். ஒரு சாதாரண வேலை கொடுத்ததுபோல இருந்தது. அன்று முழுக்க எனக்குப் பிடித்த நிமிஷம் அதுதான்.

பன்னிரண்டரைக்கு அவரவர் வீட்டிலிருந்து போன் வர ஆரம்பித்தது. சாத்தூர்க்காரர் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். வேலை இருக்கிறது என்றேன். ஒரு வேலையும் இல்லை. அவர் மனைவிக்கு நான் எப்படிப்பட்ட விருந்தாளியாக இருப்பேன் என்று தெரியாததால் சொன்ன பொய். ஸ்டேஷனுக்கு வெளியே சேவு வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். வடக்கே போகும் பாசஞ்சருக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. போனை எடுத்து, அடுத்த ஞாயிறு எங்கே என்று குரூப்பில் கேட்டேன். நாலைந்து பேர் பார்த்துவிட்டதாகப் போன் காட்டியது, பதில் வரவில்லை. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு சேவுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.