மழை என்று சொல்ல அனுமதி உண்டா?

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். பக்கத்து நாற்காலியில் சித்தப்பா. மணமக்களை அவர் நிமிர்ந்து பார்த்ததாகவே நினைவில்லை — கண் முழுக்க போனில்!

காரணம் இருக்கிறது. மரக்காணம் உப்பளத்தில் அவருடைய உப்பு மலைபோல் குவிந்து கிடக்கிறது. வெயில்தானே என்று தார்ப்பாய் போடாமல் வந்துவிட்டார். மழை வந்தால்... இந்த சீசன் உழைப்பு கரைந்து ஓடும்.

அதற்குத்தானே எங்கள் வாட்ஸ்அப் குரூப்! உப்பளக்காரர்கள், மீனவர்கள், ஆரோவில்லுக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் உண்டு. எங்கே தூறல் விழுந்தாலும், "டேய், மழை வருதுடா, ஓடுங்கடா!" என்று வாய்ஸ் மெசேஜ் பறக்கும். முதலில் ஓடுகிறவர் பக்கத்துப் பாத்திக்காரர் குவியலையும் மூடிவிட வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாதவராக இருந்தாலும் சரி. அது எங்கள் ஊர் வழக்கம்.

ஆனால், சமீபத்தில் குரூப்புக்கு ஒரு புதுவரவு — ஏட்டையா.

யாரோ ஒரு புண்ணியவான் 'நாளை புயல்' என்று பொய்யை ஃபார்வர்ட் செய்ய, மீனவர்கள் கடலுக்குப் போகாமல் ஒரு நாள் பிழைப்பு போனது. போலீஸ் ஒருவர் குரூப்பைக் கண்காணித்தால் நல்லது என்று எனக்கும் பட்டது. ஏட்டையா வந்தார். 'வதந்தி பரப்பினால் நடவடிக்கை' என்று ஒரே ஒரு மெசேஜ். அவ்வளவுதான்! அதற்குப் பிறகு குரூப்பில் ரோஜாப்பூ, குட் மார்னிங், கும்பிடு. வேறு மூச்சே இல்லை.

கல்யாணத்துக்கு வருவோம். இலையில் பாயசம் விழும் நேரம். குரூப்பில், எங்கள் பக்கத்துக் கீழ்புத்துப்பட்டு குமார் 'டைப்பிங்...' என்று காட்டியது. நின்றது. மறுபடி 'டைப்பிங்...'

"என்னாடா எழுதறான் இவன், கதையா?" என்றார் சித்தப்பா.

கடைசியில் வந்தது.

"ஐயா வணக்கம். எங்க ஊர்ல மழை பெய்யற மாதிரி தெரியுது. உறுதியா சொல்ல முடியல. ஐயா பர்மிஷன் குடுத்தா குரூப்ல சொல்றேன்."

சித்தப்பா பக்கத்துப் பாத்தி முருகேசனுக்கு போன் அடித்தார்.

"ஏம்பா, மெசேஜ் பாக்கலியா? என் உப்ப மூடக்கூடாதா?"

"பாத்தேண்ணே. ஏட்டையா ஓகே சொல்லட்டும்னு வீட்லயே இருந்தேன். வதந்திய நம்பி ஓடுனான்னு என்னையும் கேஸ்ல சேத்துட்டா? ஐயோ, இங்கயே கொட்டுதுண்ணே!"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குவியல் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. வாய்க்காலில் உப்பு ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா ஓடிப்போய் தார்ப்பாயை இழுத்தார்.

அப்போது பைக்கில், சொட்டச் சொட்ட ஏட்டையா.

"இவ்ளோ பேர் குரூப்ல இருக்கீங்க, மழைன்னு ஒரு வார்த்தை நேரா சொல்ல மாட்டீங்களா? மாடியில காயப்போட்ட யூனிஃபார்ம் பூரா நனைஞ்சிபோச்சு!"

"நீங்க இருக்கீங்களேன்னுதான் சார் யாரும் சொல்லல," என்றார் சித்தப்பா.

அரசாங்கம் நம் அரட்டையைக் கண்காணிக்கலாமா? பொய் பரப்புகிறவனைப் பிடிக்கட்டும். புகார் வந்தால் வரட்டும், விசாரிக்கட்டும். ஆனால், நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டால்? பொய்க்காரன் வேறு குரூப்புக்குப் போய்விடுவான். வாயை மூடிக்கொள்வது நம் குமார்தான்!

அன்று மாலையே ஏட்டையா இல்லாத புது குரூப் பிறந்தது. விஷயம் தெரிந்து அவரே வந்தார்.

"அண்ணே, என் வீட்டம்மா நம்பரையாவது சேருங்க. ஒண்ணும் பேச மாட்டாங்க. மழைன்னா துணி எடுக்கணும், அவ்ளோதான்."

சேர்த்தோம். மறுநாள் காலை அந்த அம்மாவின் முதல் மெசேஜ். உப்பு போனதிலிருந்து சிரிக்காத சித்தப்பா, அதைப் படித்துவிட்டுத்தான் சிரித்தார்:

"எங்க வீட்டுக்காரரு மெயின் ரோடுக்குக் கிளம்பிட்டாரு. எல்லாரும் ஹெல்மெட் போட்டுக்குங்க!"