ஐந்தாவது நிரையின் குரல்

எங்கள் பக்கத்தில் புதுப் பாட்டு என்றால், போன வருஷத்துச் சினிமா மெட்டில் அம்மன் பெயரைச் செருகுவது. அப்படிச் செய்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனைக்கும் நான் ஹட்டனில் ஒரு கல்யாண இசைக்குழுவில் கீபோர்ட் வாசிப்பவன், வருஷம் முழுவதும் சினிமாப் பாட்டுத்தான் வாசிக்கிறேன். ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு நான் போடும் பாட்டு மட்டும் என் சொந்த மெட்டு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மெட்டு எங்கிருந்து வருகிறது என்று குழுவில் கேட்பார்கள். தானாக வருகிறது என்று அளந்துவிடுவேன். உண்மையில் அது அக்காவிடமிருந்து வந்தது. அக்கா பாடகி இல்லை, கொழுந்து பறிப்பவள். காலையில் செடி கீறாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டும்போது ஏதாவது முனகுவாள். என்ன முனகுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. அதில் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு நான் கீபோர்டுக்கு ஓடுவேன்.

"காலங்காத்தால அந்தப் பொட்டியக் கட்டிக்கிட்டு அழு. ரொட்டி ஆறுது பாரு" என்பாள். அவளுடைய மெட்டைத்தான் திருடுகிறேன் என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை.

போன வருஷம் மலையில் குளவி கொட்டி அக்கா இறந்துபோனாள்.

அன்று நல்ல பனி. எங்கள் மலையில் பனி இறங்கினால் இரண்டு நிரைத் தேயிலைக்கு அப்பால் ஆள் தெரியாது. பள்ளமும் இருக்கிறது, சிறுத்தையும் இருக்கிறது. அதனால் பறிக்கிற பெண்கள் முதல் நிரையிலிருந்து வரிசையாக ஆளுக்கு ஒருமுறை குரல் கொடுப்பார்கள். வார்த்தை கிடையாது, "ஓ" என்று ஒரு நீட்டல், அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி இருக்கும். அக்காவுடையது பஞ்சமத்தில் தொடங்கி மெல்லக் கீழே இறங்கும். அவள் ஐந்தாவது நிரை. அன்று நாலாவது குரலுக்குப் பிறகு அவள் குரல் வரவில்லை. அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள்.

பறிக்கிற பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மலையில் ஒருவர் இறந்துபோனால், வருஷத் தெவசம் முடியும்வரை அவர் குரல் கொடுக்கும் முறையை யாரும் எடுக்கக்கூடாது. நிரையைப் பகிர்ந்து பறிக்கலாம், முறையைத் தொடக்கூடாது. அந்த இடம் வரும்போது ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்துவிட்டு, அடுத்தவர் குரல் கொடுப்பார். சிறுவயதிலிருந்தே எனக்கும் இது தெரியும்.

அக்கா போன பிறகு எனக்கு ஒரு மெட்டும் வரவில்லை. கீபோர்ட் முன்னால் உட்கார்ந்தால் விரல்கள் பழைய பாட்டுக்கே போயின. திருவிழா நெருங்க நெருங்கக் கோயில் கமிட்டியில் கேட்கத் தொடங்கினார்கள். முடியாவிட்டால் ஒரு சினிமா மெட்டில் எழுதிக்கொள்கிறோம் என்று சமாதானம் வேறு சொன்னார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அவள் இல்லாமல் நான் வெறும் கல்யாண வீட்டு வாசிப்பாளன்தானோ?

போனை எடுத்துக்கொண்டு சத்தம் தேடிப் புறப்பட்டேன். தகரத்தில் விழும் மழை, பெக்டரியில் கொழுந்து வாட்டும் காற்றாடி, றொசல்லை ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரயில் என்று எல்லாவற்றையும் பதிந்தேன். எதிலும் உயிர் இல்லை. கடைசியாக ஒரு பனிக் காலையில் அக்கா பறித்த மலைக்கே போனேன். பெண்கள் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரம் நின்று பதிந்துகொண்டு வந்தேன்.

வீட்டில் போட்டுக் கேட்டால் நான்கு குரல், ஒரு வெற்றிடம், பிறகு நான்கு குரல். திரும்பத் திரும்ப அதேதான். கேட்கக் கேட்க அது தாளமாக மாறியது. ஒரு மணி நேரத்தில் பல்லவி வந்துவிட்டது. இத்தனை மாதமாக அடைத்துக்கிடந்தது திறந்துகொண்ட மாதிரி இருந்தது.

அந்த வெற்றிடம்தான் உறுத்தியது. பாட்டில் ஓட்டை விழுந்ததுபோல் இருந்தது. அதனால் அங்கே அக்காவின் குரலை இரண்டு சுரமாகக் கீபோர்டில் வைத்தேன். இது பாட்டுதானே, மலையில் அவள் முறையை எடுத்ததாக ஆகாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவள் குரல் கீழே இறங்கும், என் மெட்டோ அந்த இடத்தில் மேலே போயாகவேண்டும். ஆகவே கடைசிச் சுரத்தை மேல் சட்ஜத்துக்கு ஏற்றிவிட்டேன். எடுப்பாக இருந்தது. அதைக் கேட்டு நானே அழுதேன்.

கொடியேறிய நாளிலிருந்து காலையும் மாலையும் கோயில் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டுத்தான். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள்கூட அந்த இரண்டு சுரத்தையும் முணுமுணுத்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஐந்தாம் நாள் மதினி வந்தார். அவர் என் சொந்த மதினி இல்லை, பக்கத்து லயத்து அண்ணனின் மனைவி. அக்காவுக்கு முந்தின நாலாவது நிரை அவருடையது. வேலை நேரத்தில் படங்கைக்கூட அவிழ்க்காமல் வாசலில் நின்றார்.

"தம்பி, அந்தப் பாட்ட நிப்பாட்டச் சொல்லுங்க."

"ஏன் மதினி, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. ரெண்டு நாளா மலையில அஞ்சாவது கொரலு கேக்குது. எங்காளுக யாரும் கொடுக்கல. பொம்பளைங்க மலைய விட்டு எறங்கிட்டாங்க. கங்காணி எதிரொலிங்கிறாரு."

எனக்கும் பயம்தான். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். பயத்தைவிட ஆசைதான் முந்திக்கொண்டது. அக்காவின் குரலை நான் ஒருமுறைகூடப் பதிந்துவைக்கவில்லை. தினமும் கேட்கிற குரலை யார் பதிந்துவைக்கிறார்கள்?

"நான் ஒருக்கா கேக்கணும் மதினி."

அவர் மலைப் பக்கம் கையைக் காட்டினார். "வாங்க. ஆனா என்னா கேட்டாலும் பதிலு கொடுக்கக்கூடாது. கூப்பிட்டா வரும் தம்பி. அவுங்கதான் வருவாங்கன்னு இல்ல."

மறுநாள் காலையில் போனேன். மதினி சொன்னதால் மற்றவர்களும் வந்திருந்தார்கள். ஐந்தாவது நிரையின் முனையில் நான் நின்றேன். பனியில் என் செருப்பே எனக்குத் தெரியவில்லை. கோயில் பக்கம் பாட்டு இன்னும் போடவில்லை.

முதல் குரல் வந்தது. இரண்டு. மூன்று. என் இடப்பக்கம் மதினியின் குரல், நாலு. பிறகு அந்த மூச்சு நேரம்.

என் எதிரே, நிரைக்குள்ளிருந்து "ஓ" என்றது.

பஞ்சமத்தில் சரியாகத் தொடங்கியது. அதே நீளம், அதே கரகரப்பு. அக்கா என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். அப்போது குரல் மேலே ஏறியது.

அக்கா ஒருநாளும் மேலே ஏறியதில்லை. ஏற்றியது நான். பனிக்குள் நின்றது எதுவாக இருந்தாலும், அது அக்காவிடம் கற்றுக்கொள்ளவில்லை, என்னிடம் கற்றுக்கொண்டிருந்தது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆறாவது நிரை குரல் கொடுக்கவே இல்லை. அந்த ஏறிய குரல் இன்னும் ஒருமுறை, கொஞ்சம் கிட்டத்தில், பதிலுக்குக் காத்திருப்பதுபோல் நீண்டது. மதினி வந்து என் சட்டையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கே பாட்டிலிருந்து அந்த இரண்டு சுரங்களையும் எடுத்தேன். அந்த இடத்தை ஒரு மூச்சு நேரம் வெறுமையாக விட்டேன். அதற்குப் பிறகு மலையில் ஐந்தாவது குரல் கேட்கவில்லை. தேர் அன்று கூட்டமே சேர்ந்து பாடியது, அந்த இடத்தில் மட்டும் யாரும் சொல்லாமலே நின்றது. நான் செய்த பாட்டுகளில் நல்லது அதுதான் என்கிறார்கள். கல்யாண வீடுகளிலும் கேட்கிறார்கள். அங்கே நான் விரலைத் தூக்கும்போது, தெரியாதவர்கள் நான் கட்டையைத் தவறவிட்டதாக நினைக்கிறார்கள்.

ஆனால் எனக்கு ஒரு நஷ்டம் ஏற்பட்டுவிட்டது. அக்காவின் குரலை நினைத்தால் இப்போது மேலே ஏறுகிற குரல்தான் வருகிறது. இறங்கும் என்பது தெரிகிறது, காதில் வரமாட்டேன் என்கிறது. தனியாக இருக்கும்போது பாடிப் பார்க்கிறேன். பஞ்சமம் வரை சரியாக வரும், அதற்குப் பிறகு இறங்கச் சொன்னால் தொண்டை என் பேச்சைக் கேட்பதில்லை.

தெவசம் முடிந்து, ஐந்தாவது நிரையின் முறை வேறு ஆளுக்குப் போன மறுநாள் மதினியிடம் போனேன். இருபது வருஷம் பக்கத்து நிரையில் நின்று கேட்டவர் அவர்.

"மதினி, அக்கா கூப்பிடுற மாதிரி ஒருக்கா கூப்பிட்டுக் காட்டுங்க."

"அதென்னா பெரிய காரியம்" என்று சிரித்தார். படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மலைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். பஞ்சமத்தில் தொடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

குரல் மேலே ஏறியது. மதினி பாதியில் நிறுத்தி, கையால் வாயைத் தொட்டுப் பார்த்தார்.