சோபாக்காரர் அழுத்தாத பெல்

எங்கள் முதியோர் இல்லத்தில் இடம் பார்க்க யாராவது வந்தால், முதலில் அவர்கள் கண்ணில் படுவது சோபாக்காரர்தான். அது தற்செயல் அல்ல. வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதுமே இல்லத்தை நடத்தும் மேடம் ஆளனுப்பி அவரை முன்கூடத்து நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார். மழித்த முகம், மடிப்புக் கலையாத சட்டை, வாய் நிறையச் சொந்தப் பற்கள். எங்களில் வேறு யாரை அங்கே வைத்தாலும் வந்தவர்கள் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். என்னை வைத்தால் நிச்சயம் போய்விடுவார்கள். நான் வாயைத் திறந்துவிடுவேன்.

மனிதர் ஆயுள் முழுக்க ஒரு பர்னிச்சர் கடையில் சோபா விற்றவர். மழைக்கு ஒதுங்கியவர்களைக்கூட விடமாட்டாராம். "உட்கார்ந்து பாருங்க, உட்காராம வாங்காதீங்க" என்பதுதான் அவருடைய ஒரே மந்திரம். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மனமில்லாமல் வாங்கிப் போவார்கள். அவர் மட்டும் அந்தச் சோபாக்களில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. விற்கிற சாமானில் வேலைக்காரர்கள் உட்காரக் கூடாது என்பது கடைச் சட்டம். நின்று நின்றே முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இப்போதும் எங்கள் அறைக்குள் யாராவது நுழைந்தால், தரை பெருக்க வந்தவர்களாக இருந்தாலும் சரி, எழுந்து நின்றுவிடுவார்.

எங்கள் அறை என்று சொன்னேன். பக்கத்துக் கட்டில் என்னுடையது. நான் பஸ் ஓட்டினவன். பெல் அடித்தால் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும் என்று பழகிய கால் என்னுடையது. பக்கவாதத்துக்குப் பிறகு அந்தக் கால் தனியாகக் கழிப்பறைக்குக்கூட வருவதில்லை. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒயரில் ஒரு சிவப்புப் பட்டன் தொங்கும். அழுத்தினால் நடையின் கடைசியில் இருக்கும் அறையில் சத்தம் கேட்கும். மத்தியானத்தில் அந்த நடை முழுவதற்கும் எங்களைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு பெண். ஒருவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள், அல்லது இன்னொருவருக்கு ஊட்டிக்கொண்டிருப்பாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. பெல் மேல் பெல்லாக அடித்துக்கொண்டு நான் கிடப்பேன். அவள் வந்து சேர்வதற்குள் சில நாள் காரியம் கெட்டிருக்கும். அதற்கு மேல் விவரம் வேண்டாம், எனக்கும் மானம் இருக்கிறது.

"கொஞ்சம் பொறுங்கண்ணே, வேலையா இருப்பாங்க" என்று சோபாக்காரர் சமாதானம் சொல்வார். அவருக்கென்ன, தடி ஊன்றியாவது நடந்து போய்விடுவார். அந்தப் பட்டனை அவர் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. வந்தவர்களிடம் அவர் பொய் சொன்னதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சாப்பாடு சூடாக வருகிறது என்பார், உண்மை. படுக்கை விரிப்பு பளிச்சென்று இருக்கிறது என்பார், அதுவும் உண்மை. பெல் பேச்சை மட்டும் எடுக்கமாட்டார். ஏன் என்று ஒருமுறை மடக்கிக் கேட்டேன். வாடிக்கையாளர் கேட்காததை நாமாகச் சொன்னால் வியாபாரம் நடக்காது என்று எனக்குப் பாடம் நடத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் அவர் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. காலைத் தரையில் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வா மகனே வா என்று நான் மனதுக்குள் சிரித்தது நிஜம். மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் நெளிய ஆரம்பித்தார். வெகு நேரம் கூச்சப்பட்டுவிட்டுப் பட்டனை அழுத்தினார். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். பிறகு நானும் என்னுடையதை அழுத்தினேன். இரண்டு பெல்லும் சேர்ந்து கத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண் ஓடிவந்தபோது விரிப்பு நனைந்திருந்தது. அவள் கண் கலங்க மன்னிப்புக் கேட்டாள். "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தயாராக வைத்திருந்த கிண்டலையெல்லாம் விழுங்கிக்கொண்டேன். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

சாயங்காலம் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "அண்ணே, உங்களுக்குத் தினமும் இப்படித்தானா?"

"தினமும் இல்ல. ஞாயித்துக்கிழமை இதைவிட மோசம்" என்றேன்.

வீக்கம் கொஞ்சம் வடிந்த சமயத்தில், ஒரு மத்தியானம், இடம் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. கைத்தடியோடு ஓர் அம்மா, அவருடைய மகள், மருமகன். மேடம் சோபாக்காரரைச் சக்கர நாற்காலியில் வைத்தே முன்கூடத்துக்குக் கொண்டுபோனார். பிறகு எல்லோருமாக எங்கள் எதிர் அறையைப் பார்க்க வந்தார்கள். அது காலியாக இருந்தது. கதவு திறந்திருந்ததால் கட்டிலில் இருந்தபடியே எனக்கு எல்லாம் தெரிந்தது. இங்கே எப்படி இருக்கிறது என்று மகள் சோபாக்காரரிடம் கேட்டாள். இப்போது சாப்பாட்டில் ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன்.

"அம்மா, படுத்துப் பாருங்க" என்றார். "படுக்காம முடிவு பண்ணாதீங்க."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே படுத்தார். மெத்தை நன்றாகத்தான் இருப்பதாகச் சொன்னார்.

"தலைமாட்டுல சிவப்புப் பட்டன் இருக்கு பாருங்க. அதையும் அழுத்திப் பாருங்க."

மேடத்தின் முகம் சுண்டிவிட்டது. அந்த அம்மா அழுத்தினார். சோபாக்காரர் சாவகாசமாகப் பேச ஆரம்பித்தார். மெத்தையைப் பற்றி, ஜன்னல் வெளிச்சத்தைப் பற்றி, பின்னால் இருக்கும் மரத்தைப் பற்றி. கடையில் வாடிக்கையாளரை எழுந்திருக்கவிடாமல் பிடித்துவைத்த அதே பேச்சு. மருமகன் இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். மகளின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. மேடம் பொறுக்கமாட்டாமல், தானே போய்க் கூட்டிவருவதாகக் கிளம்பினார்.

"நீங்க போகாதீங்க மேடம்" என்றார் சோபாக்காரர், ரொம்ப மரியாதையாக. "அம்மாவுக்கு அவசரம் வர்றப்ப நீங்க பக்கத்துல இருக்கமாட்டீங்க."

கடைசியில் அந்தப் பெண் முழங்கை வரை சோப்பு நுரையோடு ஓடிவந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்த அம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்து, தனி ஆளாகவா இத்தனை பேரையும் பார்க்கிறாய் என்று கேட்டார். அவள் மேடத்தைப் பார்த்துவிட்டு ஆமாம் என்று தலையசைத்தாள்.

"கட்டில் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் அந்த அம்மா. "இன்னொரு ஆள் போட்டதும் சொல்லி அனுப்புங்க, வரேன்."

அன்றோடு சோபாக்காரரின் முன்கூடத்து வேலை போயிற்று. மேடம் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நாற்காலி ஒரு ரிட்டயர்டு வங்கி மேனேஜருக்குப் போனது. அவர் உட்கார்ந்த உடனே தூங்கிவிடுவார். ஆனால் எதிர் அறை காலியாகவே கிடந்தது. நான் தொண்டை கிழியக் கத்தி நடக்காததை அந்தக் காலிக் கட்டில் நடத்தியது. மத்தியானத்துக்கு இன்னொரு பெண் வேலைக்கு வந்தாள். சொன்ன சொல் தவறாமல் அந்த அம்மாவும் பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

எனக்கு வாழ்வு வந்தது. இவர்தான் வாடிப்போனார். காலையில் பழையபடி முகம் மழித்து, நல்ல சட்டை போட்டுக்கொள்வார். வாசலில் கார் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவார், பிறகு தாழ்த்திக்கொள்வார். இரண்டாம் தடவை ரிட்டயர் ஆன முதல் ஆள் நீங்கள்தான் என்று சீண்டிப் பார்த்தேன். சிரித்தார், சிரிப்பில் உப்பில்லை.

அப்புறம் முழங்கால் மறுபடி வீங்கியது. மறுபடி நெளிந்தார். நெடுநேரம் யோசித்துவிட்டு ஒரு விரலால் பட்டனை அழுத்தினார். புதுப் பெண் உடனே வந்து நின்றாள். "என்ன வேணும் தாத்தா?"

அவர் பழக்கதோஷத்தில் எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. "ஒண்ணுமில்லம்மா. வேலை செய்யுதான்னு பார்த்தேன். நல்லாச் செய்யுது."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவர் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார். ஊரையே உட்காரவைத்த மனிதருக்குத் தனக்கென்று ஒன்று கேட்கத் தெரியவில்லை. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. என் பட்டனை அழுத்தினேன். அவள் திரும்பி வந்தாள்.

"எனக்கில்லம்மா, அவருக்கு" என்றேன். "பாத்ரூம் போகணும். கேக்க வெக்கப்படறார்."

என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். பிறகு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். திரும்பி வந்து படுத்தவர் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். சரி, கோபம் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். போர்வைக்குள்ளிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"கூப்பிட்டதும் வந்துட்டாங்கண்ணே."

இந்தத் தடவை நான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.