உப்பு மிளகுப் பொட்டலம்

திருத்தணி மலைப்படி தொடங்கும் இடத்தில் உப்பும் மிளகும் பொட்டலம் கட்டி விற்றாளே அம்சா, எழுபதுகளில் அவளைத் தெரியாமல் யாரும் மலை ஏறியிருக்க முடியாது. புண், பரு, கட்டி என்று உடம்பில் எது கிளம்பினாலும் இந்தப் பக்கத்து ஜனம் முருகனுக்கு உப்பு மிளகு கொட்டுவதாக வேண்டிக்கொள்ளும். கொட்டினால் ஆறிவிடும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் அவளை வீட்டை விட்டுத் துரத்தியது. பிறகு சோறு போட்டதும் அதுதான்.

அம்சா பொதட்டூர்பேட்டைக்கு வாழப் போனவள். புருஷன் ராஜவேலு தறிக்காரன். நெய்த லுங்கிகளை மூட்டை கட்டி மெட்ராஸுக்குக் கொண்டுபோவான். விற்று முடித்தாலும் உடனே திரும்பமாட்டான். அங்கே எவளோடு படுத்து எழுந்தானோ, ஒருமுறை தொடை இடுக்கில் மேகப்புண்ணோடு வந்து சேர்ந்தான். கொஞ்ச நாளில் அம்சாவுக்கும் வந்தது. அவளுக்கு உள்ளங்கையெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது.

மாமியார் ஞானம்மாள் இருவரையும் மலைக்கு அழைத்துப்போய் உப்பு மிளகு கொட்டவைத்தாள். ராஜவேலுவுக்குச் சுத்தமாக ஆறிவிட்டது. அம்சாவுக்கு ஆறவில்லை. கிழவிக்கு அது போதாதா?

"ஒரே சாமி, ஒரே உப்பு. எம்புள்ளைக்கு ஆறிடுச்சி, உனக்கு மட்டும் ஏன்டி ஆறலை? எவங்கிட்டப் போய் வாங்கிகினு வந்த?"

தெரு முழுக்கக் கேட்டது. தறிக்குப் போகும் பாவு நூலை வீதியில் விரித்துக் கஞ்சி போடும்போது எல்லா வீட்டுப் பெண்களும் கைகொடுப்பார்கள். அம்சா கை பட்ட நூலைத் தொடமாட்டோம் என்று விலகிக்கொண்டார்கள். அவள் புருஷனைப் பார்த்தாள். அந்த உத்தமன் தலை நிமிராமல் நெய்துகொண்டிருந்தான்.

வலி தாங்காமல் ஒருநாள் திருத்தணிக்கு பஸ் ஏறி, கம்பவுண்டர் கஜபதியிடம் கையை நீட்டினாள்.

"ராஜவேலு பொண்டாட்டியா நீ? அவனுக்கு ஊசி போட்டப்பவே உன்னையும் இட்டுகினு வாடான்னு தலப்பாடா அடிச்சிகினேனே!" என்றார் அவர்.

ஊசியால் ஆறியதை மறைத்துவிட்டானே என்று அம்சாவுக்கு ஆத்திரம் வந்தது. அதே நேரம் சந்தோஷமாகவும் இருந்தது. தன் மேல் பழியில்லை என்று சொல்ல இப்போது விஷயம் கிடைத்துவிட்டதல்லவா? ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஊசியா? எனக்கு முருகன்தாம்மா ஆத்தினான்" என்றான் ராஜவேலு, தறியை விட்டு எழாமலே.

ஞானம்மாள் கைதட்டித் தெருவைக் கூட்டினாள். "மேகத்துக்கு ஊசி போட்டுகினு வந்து நிக்கிறா, பாருங்கடி! அவ வாயாலியே சொல்லிட்டா!"

அம்சாவின் துணிமூட்டை தெருவில் வந்து விழுந்தது. ஆர்.கே.பேட்டையில் அண்ணன் கதவைத் திறக்கவில்லை. அவள் திருத்தணிக்கே வந்து படியோரம் பொட்டலம் விற்க உட்கார்ந்தாள். புண் முழுசாக ஆறியது. அதைப் பார்க்கத்தான் ஒருவரும் இல்லை.

சில வருஷம் கழித்து ஒரு கிருத்திகை. வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி வந்து பொட்டலம் கேட்டாள். பின்னால், மூச்சு வாங்க முடியாமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்த கிழவியை அம்சா பார்த்தாள். ஞானம்மாள். அப்படியானால் இவள்தான் ராஜவேலு இரண்டாவதாகக் கட்டிக்கொண்டதாக மலைக்கு வந்த ஊர்க்காரர்கள் சொன்ன பத்மா. காசு நீட்டிய அவள் உள்ளங்கையில் அதே சிவப்புத் தடிப்பு.

"யாருக்கு வேண்டுதல்?"

"எனக்குத்தாங்க்கா. அவருக்கும் இருந்திச்சி, ஆறிடுச்சி. எனக்குத்தான் ஆறலை. அத்தை ஒரு மாதிரியா பேசுது."

கஜபதி வீடு கூப்பிடுதூரம். கையால் காட்டினால் போதும். அந்தப் பெண் அம்சாவுக்கு ஒரு தீங்கும் செய்தவள் அல்ல. வயிற்றில் இருப்பது யாருக்குமே எதுவும் செய்ததில்லை. அம்சாவுக்கு அது தெரியும். தெரிந்தும், இரண்டாவது மருமகளுக்கும் ஆறாமல் போனால் வியாதி யாரிடமிருந்து வருகிறது என்று ஊருக்கே விளங்கிவிடும், அந்தக் கிழவியும் அவள் மகனும் நாறட்டும் என்று மனசு குதித்தது.

"பெரிய பொட்டலமா எடுத்துக்கோம்மா. நல்லா வேண்டிக்கினு கொட்டு. உனக்கும் ஆறிடும்."

பத்மா கும்பிட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். அம்சா காசை முடிந்துகொண்டு அடுத்த பொட்டலத்துக்குத் தாள் கிழித்தாள்.