திருச்செல்வமும் ஈரக் காலர்காரர்களும்

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பின்னறையில் அடுக்கியிருக்கும் ஸ்பீக்கர் பெட்டிகளில் ஒன்றின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார் திருச்செல்வம். கண்கள் மூடியிருக்கின்றன. பெரிய ஹெட்போன் ஒன்று இரண்டு காதுகளையும் கவ்வியிருக்கிறது. உதடுகள் எதையோ முணுமுணுக்கின்றன. தண்ணீர் பிடிக்க வரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, வாளிச் சத்தம் கேட்காமல் நடக்கிறார்கள்.

"அண்ணன் தியானத்துல இருக்காரு போல, அக்கா."

"வெள்ளிக்கெழமையில்ல, அதான்" என்கிறார் மனைவி ஞானேஸ்வரி. அவருக்கு உண்மை தெரியும். ஸ்கொட்லாந்து என்கிற தேசத்தில் நாலைந்து சோகமான வெள்ளைக்காரர்கள் சேர்ந்து புதிதாக ஓர் ஆல்பம் போட்டிருக்கிறார்கள், அதைத்தான் மனுசன் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த வத்தேகமவில் யாரிடம் சொல்ல முடியும்? புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைகளில்தான் வெளிவரும். அங்கே நடுச்சாமம் தாண்டும்போது இங்கே கோழி கூவும். ஆகவே திருச்செல்வத்தின் பக்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஒருமுறை காய்ச்சல்காரக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து திருநீறு போடச் சொன்னார்கள். போட்டார். காய்ச்சலும் விட்டது. அது வேறு தொல்லை.

அவருடைய தொழில் 'திரு சவுண்ட்ஸ்'. கோயில் திருவிழா, கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளான சடங்கு, பாடசாலை விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் மைக்கும் ஸ்பீக்கரும் அவர்தான் கட்டுவார். ஊரையே செவிடாக்கும் பெட்டிகளுக்குச் சொந்தக்காரர் என்றாலும், அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவர்கூட "என்னா?" என்று திரும்பக் கேட்க வேண்டும். டெஸ்டரைக் காதில் செருகியிருப்பார். வயர்களைப் பாம்புக்குட்டியைச் சுருட்டுவது போல மென்மையாகச் சுருட்டுவார். அவர் கட்டிய மைக் எந்த மேடையிலும் கீச்சிட்டதில்லை. பேச்சாளர்கள் கீச்சிட்டிருக்கிறார்கள், அதற்கு அவர் பொறுப்பில்லை.

இந்த ஸ்கொட்லாந்து நோய் அவரைப் பிடித்தது அக்குறணையில், இன்ஷாப் நானாவின் மின்சாதனக் கடையில். புது ஸ்பீக்கர் வாங்கப் போனவர், சோதித்துப் பார்க்கத் தன் போனில் ஏதோ ஒரு பாட்டைப் போட்டிருக்கிறார். அது முடிந்ததும் போன் தன் பாட்டுக்கு வேறொன்றைப் போட்டது. ஒரே ஒரு கிட்டார். மழையில் நனைந்த ஆள் பேசுவது போல ஒரு குரல். திருச்செல்வம் ஆடாமல் அசையாமல் நின்றார். அந்தப் பாட்டு முடிந்து, அதே ஆட்களின் அடுத்த பாட்டும் முடிந்தது. இன்ஷாப் நானாவுக்குப் பயம் வந்துவிட்டது.

"என்ன திரு அண்ணன், சாமான்ல கொளறு ஏதும் இருக்கா? இருந்தாச் சொல்லுங்க, வெலய ஒரு மாதிரி பாத்துக்குவம்."

திருச்செல்வம் காதை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்தார். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் நானா இரண்டு தரம் விலையைக் குறைத்துவிட்டார்.

கிளாஸ்கோ நகரத்துக் குழு அது. பெயர் 'த டேம்ப் காலர்ஸ்'. திருச்செல்வம் வீட்டில் 'ஈரக் காலர்காரங்க' என்பார். அவர்களைத் தொடர்ந்து மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். டண்டியில் இருந்து 'கார் பார்க் கொக்குகள்'. அபர்டீனில் இருந்து, தன் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாமல் முனகும் ஒரு தனி ஆள். எந்தக் குழு எப்போது ஆல்பம் விடும், எவர்களின் இரண்டாவது ஆல்பம் சொதப்பியது, யார் யாரோடு கோபித்துக்கொண்டு பிரிந்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு உறவுக்காரர்களின் சங்கதி போலத் தெரியும்.

"கொக்குக்காரங்க ட்ரம்ஸ் பையன் வெலகிட்டான்" என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

"ஐயோ, ஏனாம்?" என்பார் ஞானேஸ்வரி. ஏதோ மாமன் மகன் என்று நினைத்துவிட்டார்.

பாட்டின் வார்த்தைகள் ஒன்றும் அவருக்கு விளங்காது. ஒரு தடவை பக்கத்து வீட்டு இங்கிலீஷ் டீச்சர் நிஷாந்தினியிடம் போனைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். டீச்சர் கண்ணைச் சுருக்கி, காதைச் சாய்த்து, திரும்பவும் போட்டுக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணே, இது இங்கிலீஷே இல்ல." திருச்செல்வத்துக்கு அவ்வளவு நிம்மதி. "அப்ப எனக்கு மட்டும் வெளங்காம இல்ல." ஸ்கொட்லாந்துக்காரன் பாட்டு உனக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கும். "நம்ம தேயிலைத் தோட்டங்களுக்குப் பேரு வச்சதே பாதி அவங்கதானுங்க. நாங்க தேத்தண்ணி குடுத்தோம், அவங்க பாட்டு குடுக்குறாங்க. சரியாப் போச்சு."

ஈரக் காலர்காரர்கள் ஆறு வருடமாக வாயைத் திறக்கவில்லை. பிரிந்துவிட்டார்கள் என்று சிலர் எழுதினார்கள். திருச்செல்வம் நம்பவில்லை. சென்ற வைகாசி மாதத்தில் செய்தி வந்தது: புது ஆல்பம், அடுத்த மாதம், வெள்ளிக்கிழமை. அன்று முழுக்க அவர் இரண்டு தடவை சிரித்ததாக ஞானேஸ்வரி சொல்கிறார்.

அதே வெள்ளிக்கிழமையில்தான் வடிவம்மா முதலாளியம்மாவின் புடவைக் கடைத் திறப்பு விழாவும் வந்து விழுந்தது. வத்தேகம டவுன் முச்சந்தியில், பெரிய கண்ணாடி போட்ட கடை. வடிவம்மா ஆளைக் கூப்பிட்டு நேரிலேயே சொன்னார்:

"இங்க பாரு திரு. நல்ல நேரத்துக்கு நாதஸ்வரம் போடு. அதுக்குப் பொறகு எல்லாக் கடையிலயும் போடுற சினிமாப் பாட்டு எனக்கு வேணாம். அத எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். எவனும் கேக்காத பாட்டாப் போடு. ரோட்டுல போறவன் அப்படியே நிக்கணும்."

இதை வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. திருச்செல்வத்துக்கு அது ஆண்டவன் கொடுத்த உத்தரவு போல இருந்தது. எவனும் கேட்காத பாட்டு! அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அவர் ஹெட்போனைத் தொடவேயில்லை. "ஆறு வருசம் பொறுத்தாச்சு. இத மொத தடவ சின்னக் காதுல கேக்கக் கூடாது. பெரிய பொட்டியில கேக்கணும்" என்று ஞானேஸ்வரியிடம் சொல்லிவிட்டு, இருப்பதிலேயே பெரிய நான்கு ஸ்பீக்கர்களை வான் வண்டியில் ஏற்றினார். இருந்த ஒரே புதுச் சட்டையையும் போட்டுக்கொண்டார்.

விளக்கேற்றினார்கள். நாதஸ்வரம் முடிந்தது. ரிப்பன் வெட்டினார்கள். வடிவம்மா பட்டுச் சேலை சரசரக்கத் திரும்பி, "ம், போடு" என்றார். திருச்செல்வம் போனைத் தொட்டார்.

"ம்ம்ம்ம்ம்ம்ம்..." என்று ஒரு இரைச்சல் கிளம்பியது. குளவிக்கூட்டைத் தகரப் பெட்டியில் அடைத்து உலுக்கினாற் போல. அது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கம்பியில் இருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன. எதிர்ப் பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வெளியே வந்து, "மொகத மே சத்தே?" என்று சிங்களத்தில் கத்தினார், என்ன சத்தம் இது என்று. "ட்ரான்ஸ்போமர் வெடிக்கப் போகுது!" என்றது இன்னொரு குரல். அவ்வளவுதான். மரக்கறிக் கடை, மருந்துக் கடை, முடிவெட்டும் கடை எல்லாவற்றிலும் இருந்து சனம் ரோட்டுக்கு வந்தது. ஒருவர் பாதி ஷேவ் பண்ணிய முகத்தோடு நின்றார். கண்டி பஸ் நின்றது. அதன் பின்னால் எல்லாம் நின்றது.

"திரு! செட்டு பழுதாப் போச்சா?"

"பழுதில்லங்கம்மா. இது பாட்டு."

"எது?"

"இதுதானுங்க."

"பாட்டுன்னா, எப்ப ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சுருச்சுங்கம்மா."

வடிவம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். திருச்செல்வம் கண்ணை மூடிக்கொண்டார். இதுதான் அவர்களுடைய பழைய முறை. இரைச்சல் மெல்ல வடியும். அதற்குள்ளிருந்து கிட்டார் ஒன்று தூறல் போல விழும். பிறகு அந்தக் குரல் வரும். இதோ, வடிகிறது. இதோ...

டிங்டக்கு டிங்டக்கு டிங்டக்கு டிங்டக்கு.

மெஷின் ட்ரம். அதற்கு மேல் பளபளவென்று ஒரு கீபோர்ட். அதற்கும் மேல் நான்கைந்து பெண்கள் "ஓ ஓ ஓ" என்று கும்மாளம் போட்டார்கள். திருச்செல்வம் கண்ணைத் திறந்தார். போனைப் பார்த்தார். ஈரக் காலர்காரர்களின் பெயர்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் வேறு யாருடைய பிள்ளையையோ கையில் வாங்கியவர் போல நின்றார்.

முச்சந்தி ஆடத் தொடங்கியது. வெடிப்பதைப் பார்க்க வந்த கூட்டம், வெடிக்காத சந்தோசத்தில் கைதட்டியது. பஸ் கொண்டக்டர் பஸ்ஸின் தகரத்தில் தாளம் போட்டார். பிரமாதம் என்ற அர்த்தத்தில் "நியமய்!" என்று மாவுக் கையை உயர்த்தினார் பேக்கரிக்காரர். பாதி ஷேவ்காரர் இடுப்பை அசைத்தார். அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொள்ள, அத்தனை சனமும் வடிவம்மாவின் கடைக்குள் புகுந்தது. புகுந்தவர்கள் சும்மா நிற்க வெட்கப்பட்டுச் சேலையைப் பிரித்துப் பார்த்தார்கள்.

திருச்செல்வத்தின் கை போனை நோக்கிப் போனது.

"கை வச்சே, பாரு!" என்றார் வடிவம்மா. "மறுபடி மொதல்ல இருந்து போடு. அந்த ட்ரான்ஸ்போமர் சத்தத்தோட போடு."

அன்றைக்கு அந்த முதல் பாட்டு மட்டும் ஒன்பது தடவையோ பத்துத் தடவையோ ஓடியது. கடைசியாக, இரண்டாவது பாட்டு தொடங்கும் முன்பே அவர் மெயினை அணைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் சோற்றைத் தொடவில்லை.

"என்னா, செட்டு பழுதாகிருச்சா?" என்றார் ஞானேஸ்வரி.

"இல்ல."

"யாரும் ஏசுனாங்களா?"

"நல்லாருக்குன்னு சொன்னாங்க."

"பொறகு என்னாங்க?"

"அதான்" என்றார் திருச்செல்வம்.

சாயந்திரம் ஈரக் காலர்காரர்களின் இணையப் பக்கத்துக்குப் போய், ரசிகர்கள் அவர்களுக்குப் பொழிந்திருந்த வாழ்த்து மழைக்கு நடுவில் ஒரே ஒரு சொல் எழுதினார். அதையும் தமிழில்தான் எழுதினார்: "ஏன்?" கொஞ்ச நேரத்தில் கிளாஸ்கோவில் இருந்து அதற்கு ஒரு சிவப்பு இதயம் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் எழும்பவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் எழும்பவில்லை. "அண்ணனுக்கு ஒடம்புக்கு முடியலையா?" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் விசாரித்தார்கள். இத்தனை வருடம் புறுபுறுத்துக்கொண்டிருந்த ஞானேஸ்வரிக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. மூன்றாவது வெள்ளி விடியற்காலை, போர்வைக்கு மேலே தட்டினார். "எந்திரிங்க. ஒங்க கொக்கு ஏதும் இன்னைக்குப் பாட்டு விடலையா?" போர்வை அசையவில்லை.

ஆனால் அந்தப் பாட்டு ஊரை விட்டுப் போகவில்லை. 'வத்தேகம பைலா' என்று அதற்கு ஆட்டப் பாட்டுப் பெயரே விழுந்துவிட்டது. சடங்கு வீடு, கல்யாணம், கிரிக்கெட் மெச் எங்கே போனாலும் "அண்ணே, அந்த ட்ரான்ஸ்போமர் பாட்டப் போடுங்க" என்று கேட்டார்கள். திரு சவுண்ட்ஸுக்கு ஒரு நாள்கூட ஓய்வில்லை. கேட்டவர்களுக்கு அவர் இல்லையென்று சொன்னதில்லை. சத்தம் அளவாக, தெளிவாகப் போட்டுக் கொடுப்பார். போட்ட கையோடு பொக்கெட்டில் இருந்து பஞ்சை எடுத்து, இரண்டு உருண்டை உருட்டி, இரண்டு காதிலும் அடைத்துக்கொள்வார்.

புரட்டாசிக்கு முன் கடைசி முகூர்த்தம். கடுகண்ணாவையில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். உதவிக்கு வேறு ஆள் கிடைக்காமல் ஞானேஸ்வரியையும் கூட்டிப் போயிருந்தார். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் பாட்டைக் கேட்டார்கள், ஆடினார்கள், பொண்ணு மாப்பிள்ளையோடு காரில் ஏறிப் போய்விட்டார்கள். பின்னேரம், மலைப்பக்கம் இருந்து பனி இறங்கி மண்டபத்து வாசல் வரைக்கும் வந்திருந்தது. திருச்செல்வம் காதில் பஞ்சோடு தூரத்து மூலையில் வயர் சுருட்டிக்கொண்டிருந்தார். போனை யாரும் நிறுத்தவில்லை. அவர் ஒருநாளும் போக விடாத இடத்துக்கு ஆல்பம் தானாகவே போய்க்கொண்டிருந்தது. கும்மாளப் பாட்டுகள் ஒவ்வொன்றாக முடிந்தன.

பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்த ஞானேஸ்வரி நின்றார். ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மண்டபத்தின் குறுக்காக நடந்து போய், புருசனின் வலது காதில் இருந்த பஞ்சைப் பிடுங்கினார்.

"இது ஒங்க பழைய ஆளுங்கதானே?"

ஒரே ஒரு கிட்டார். மழையில் நனைந்த ஆள் பேசுவது போல அந்தக் குரல். ஆறு வருடம் கூடிக் கொஞ்சம் கரகரத்திருந்தது. ட்ரம் இல்லை. கீபோர்ட் இல்லை. ஆல்பத்தின் கடைசியில், யாரும் வந்து சேராத இடத்தில், அதை வைத்திருந்தார்கள்.

திருச்செல்வம் தலையை ஆட்டினார்.

"என்னா சொல்றான்?"

"தெரியல."

"பாவமா இருக்கு" என்றார் ஞானேஸ்வரி. அடுக்கிய கதிரைகளில் மேலே இருந்த ஒன்றை எடுத்து, காலி மண்டபத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

திருச்செல்வம் சுருட்டிய வயரைத் தரையில் வைத்தார். மேடைக்குப் போய், வாசலைப் பார்த்து நின்ற பெரிய ஸ்பீக்கரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, அந்த ஒற்றைக் கதிரையின் பக்கம் மெதுவாகத் திருப்பி வைத்தார்.