மேலே மனைவியின் பெயர், கீழே என் பெயர்

சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகல் கனடாவின் ஸ்காபரோவில் உள்ள எங்கள் அப்பார்ட்மென்ற் கதவை ஒருவர் தட்டினார். திறந்தவர் என் மனைவி. வந்தவர் கேட்டதோ என் பெயரை.

“இஞ்சாருங்கோ, கோர்ட் கடிதம். உங்களுக்குத்தான்.”

வாங்கிப் பிரித்தேன். முதல் பக்கத்தில், வழக்காளி என்ற இடத்தில் மனைவியின் பெயர். அதற்குக் கீழே, பிரதிவாதி என்ற இடத்தில் என் பெயர். மனைவி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

“கலியாண அழைப்பிதழில இருந்து எல்லாத்திலயும் உங்கட பேர்தான் முதல். இண்டைக்குத்தான் என்ர பேர் மேல வந்திருக்கு.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாசகர்கள் பதற வேண்டாம் — இது மணவிலக்கு அல்ல. ஆனால் தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து வாசலில் கூடி நிற்பவர்களிடையே இச்செய்தி என்ன வடிவம் எடுக்கும் என்பதை நான் அறிவேன். ஆகவே, அவர்களை நானே முந்திக்கொள்கிறேன்.

கடந்த ஐப்பசியில் ஒரு சந்தியில் நான் இடப்புறம் திரும்பியபோது, எதிரே வந்த கார் எங்கள் காரின் வலப்பக்கத்தில் மோதியது. மனைவி இருந்த பக்கம் அது. பிழை யாருடையது என்று எங்கும் எழுதக் கூடாது என, காப்புறுதி நிறுவனம் எனக்கென அமர்த்திய சட்டத்தரணி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எழுதவில்லை. அதன் பிறகு நான் செய்ததை எழுதலாம் அல்லவா?

பொலிஸ் அதிகாரி வந்தார். யாருக்காவது காயம் உண்டா என்றார். எங்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை என்று திருத்தமான ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். மனைவி வலது தோளைப் பிடித்தபடி நின்றார். அவரை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு நான் இடம் கொடுக்கவுமில்லை.

ஏன்? இந்தப் பத்திரிகைப் பத்தியின் நெடுநாள் வாசகர்களுக்கு விளங்கும். நோவில்லாமலே கழுத்துப் பட்டியோடு திரிந்து காப்புறுதிப் பணம் பெறுவோரை இதே இடத்தில் இரு முறை கடிந்து எழுதியவன் நான். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே ஓர் ‘அக்சிடென்ற் கேஸ்’ என்றால்… நாலு பேர் என்ன சொல்வார்கள்?

இரண்டாம் நாள், கை நோகிறது என்றார் மனைவி. “சின்ன அடிதானே, மாறும்” என்றேன். ஐந்தாம் நாள் தலைவாரக் கை எழவில்லை. இடது கையால் வாரினார். நான் அதைக் கண்டேன். காணாதவன்போல் பத்திரிகையைப் புரட்டினேன். மூன்றாம் வாரம் குடும்ப வைத்தியர் ஸ்கான் எடுப்பித்துப் பார்த்துச் சொன்னார் — தோள் தசைநார் கிழிந்திருக்கிறது. ஏன் இவ்வளவு நாளும் வரவில்லை என்று அவர் கேட்டபோது, மனைவி என்னைப் பார்த்தார்.

மறுநாளே ஒரு சட்டத்தரணியிடம் போனோம். பிளாசா ஒன்றில், சேலைக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். அவர் எங்கள் மகளைவிட இளைய பெண்.

“அங்கிள், அக்சிடென்ற் நடந்தா ஏழு நாளுக்குள்ள இன்சூரன்சுக்குச் சொல்லவேணும். பிழை ஆரில எண்டாலும் அன்ரிக்கு பிசியோ, வீட்டு உதவி எல்லாம் உங்கட இன்சூரன்சிலயே கேக்கலாம். ஆனா இப்ப லேட். ஏன் லேட் எண்டு ஒரு நல்ல றீசன் குடுக்கவேணும்.”

வாரந்தோறும் எழுதுகிறவன், மேசையிலிருந்த அவருடைய முகவரி அட்டையை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன்.

“எழுதுங்கோ பிள்ளை,” என்றார் மனைவி. “எனக்கு நொந்தது. மானம் போகும் எண்டு இவர் விடேல்லை.”

“அப்பிடியே எழுதட்டே அன்ரி?”

“ஓம். அப்பிடியே எழுதுங்கோ.”

சட்டத்தரணி எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். “அடுத்தது, கை பழையபடி வராட்டி வழக்கும் போடலாம். பொதுவா ரெண்டு வருசத்துக்குள்ள போடவேணும்.”

“ஆருக்கு எதிரா?” என்று கேட்டேன்.

“கார் ஓட்டின ஆளுக்கு எதிரா.”

“எங்கட காரை ஓட்டினது நானெல்லோ?”

“ஓம் அங்கிள். அதுதான், இனி நான் அன்ரியோட மட்டும்தான் கதைக்கலாம். நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ. பயப்பிடாதேங்கோ, பேர்தான் உங்கட பேர். உங்களுக்காக வாதாடுறதும் காசு குடுக்கிறதும் இன்சூரன்ஸ்காரர்தான்.”

இருபது வருடம் வகுப்பறையிலிருந்து மாணவரை வெளியே அனுப்பியவன் நான். அன்று நானே எழுந்து வெளியே போனேன்.

வெளியே நாற்காலியில் எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். “என்ன மாஸ்ரர், இஞ்சை? ஆருக்கு அடிபட்டது?”

“ஒரு சிநேகிதருக்கு…” என்றேன்.

நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவரை ஒரே நொடியில் சிநேகிதராக்கிவிட்டேன்!

காப்புறுதி நிறுவனத்தின் பதிலுக்காக ஐந்து வாரங்கள் காத்திருந்தோம். நாளுக்கு மூன்று தடவை தபால் பெட்டியைத் திறந்தேன். மறுத்துவிட்டால் என்ன செய்வது? என் வாயால் வந்த வினைக்கு அவர் கை முடங்குவதா? நல்லவேளை, தாமதத்தை மன்னித்து ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் முதல் வாரமே வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று பிசியோ செய்யும் பெண் சொன்னாரே… அது என் காதை விட்டுப் போகவில்லை. கை இன்றும் தோள் மட்டத்துக்கு மேல் எழவில்லை. அதனால்தான் வழக்கு.

எனக்குச் சட்டம் தெரியாது. அதைத் தெரிந்தவரிடம் கேளுங்கள். நான் சொல்லக்கூடியது இதுதான்: காயம் உண்டா என்று கேட்டால், உங்கள் உடம்புக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் வாய் உண்டு. நோவு இருந்தால் அன்றே வைத்தியரிடம் போங்கள், அவர் அதை எழுதி வைக்கட்டும். நியாயமாகக் கேட்பதில் மானம் போவதில்லை. இரு முறை கடிந்து எழுதியபோது, உண்மையாகவே அடிபட்டவர்களும் அதை வாசிப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இன்னும் சில மாதங்களில் எதிர்த்தரப்பு — அதாவது என் தரப்பு! — வைத்தியர் ஒருவர் மனைவியின் கையைப் பரிசோதிக்கப் போகிறார். நானும் உள்ளே வருகிறேன் என்றேன்.

“எதிராளிக்கு உள்ள என்ன வேலை? காருக்குள்ள இருங்கோ,” என்றார்.

இருக்கத்தான் வேண்டும். கை உயராவிட்டால் வழக்குக்கு நல்லதாம். உயர்ந்தால் என் தரப்புக்கு நல்லதாம். எனக்கு அந்தக் கை உயர்ந்தால் போதும்.

வழக்கில் யார் வென்றாலும், நாங்கள் வீட்டுக்குத் திரும்புவது ஒரே காரில்தான்.